போலீஸ் ரோட்டுல நிறுத்தி ஊதச் சொன்னா: ப்ரீத் அனலைசர் டெஸ்ட், ஸ்டெப் பை ஸ்டெப் முழு வழிகாட்டி

குடிச்சிட்டு வண்டி ஓட்டிட்டு தப்பிக்கிறது எப்படின்னு தேடி வந்திருந்தா இது அதுக்கான இடம் இல்லை. குடிச்சிருந்தா சாவியை தொடாதீங்க, அவ்ளோதான். டிராபிக் கேஸ் பேப்பர் பார்க்கிற வேலைல இருக்கறதால நான் திரும்பத் திரும்ப பார்க்கிறது வேற ஒண்ணு. போலீஸுக்கு எந்த இடத்துல எவ்வளவு அதிகாரம் இருக்கு, நாம எந்த நேரத்துல எதை கேட்கணும்ங்கற வரிசை தெரியாம, குடிக்காதவங்க கூட ஒரு சின்ன விஷயத்தை பெரிய கேஸா ஆக்கிக்கிறாங்க. இதுல எல்லாமே நேரம் சம்பந்தப்பட்டது, அந்த ராத்திரி அங்கயே கேட்க வேண்டியதை அடுத்த வாரம் கோர்ட்ல போய் கேட்டா பெருசா பிரயோஜனம் இல்லை.

இங்க சொல்றது எல்லாம் இந்தியாவோட மோட்டார் வாகனச் சட்டம் 1988, அதுல 2019ல வந்த திருத்தம், இதை வச்சுதான். தமிழ்நாட்டுல நடக்கற செக்கிங்குக்கும் இதே சட்டம்தான்.

1. முதல்ல எந்தெந்த செக்ஷன்னு தெரிஞ்சுக்கோங்க

ஆறு நம்பர் ஞாபகம் இருந்தா போதும். 185 குற்றம் என்னன்னு சொல்லுது. 202 வாரண்ட் இல்லாம அரெஸ்ட் பண்ற அதிகாரம். 203 மூச்சு டெஸ்ட். 204 ரத்த டெஸ்ட். 205 மறுத்தா என்ன ஆகும்னு. 206 லைசென்ஸை பிடிக்கிறது.

குற்றம் எப்போ ஆகும்னா, 100 மில்லி ரத்தத்துல ஆல்கஹால் 30 மில்லிகிராமுக்கு மேல போனா. இந்த 30 பைக், கார், லாரி, ஆட்டோ எல்லாத்துக்கும் ஒண்ணுதான், "நான் ஸ்டெடியா தானே ஓட்டினேன்"ங்கற வாதத்துக்கு இதுல இடமே இல்லை, ஏன்னா சட்டம் அளவைத்தான் பார்க்குது, ஓட்டின விதத்தை இல்லை. போதைப் பொருளுக்கு மட்டும் இப்படி நம்பர் கிடையாது, வண்டியை கண்ட்ரோல் பண்ண முடியாத நிலைல இருந்தாரான்னு பார்ப்பாங்க.

ஓட்டினா மட்டும் இல்லை, ஓட்ட முயற்சி பண்ணினாலும் 185 தான். குடிச்சிட்டு "கொஞ்ச நேரம் ஏசி போட்டு தூங்கிட்டு போலாம்"னு டிரைவர் சீட்ல உட்கார்ந்து என்ஜினை ஆன் பண்றவங்க இங்கதான் மாட்டிக்கிறாங்க. தூங்கணும்னா பின் சீட்டு, இல்லைன்னா வண்டியை விட்டுட்டு போயிடுங்க.

2. கிளம்பறதுக்கு முன்னாடி கைல இருக்க வேண்டியது

லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், பொல்யூஷன் சர்டிபிகேட். டிஜிலாக்கர்லயோ எம்பரிவாகன் ஆப்லயோ இருந்தாலும் செல்லும், மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 2018லயே அதை சேர்த்துட்டாங்க. போன்ல சார்ஜ் இருக்கான்னு பார்த்துக்கோங்க, பின்னாடி இது ரொம்ப முக்கியமா ஆகப்போகுது.

ஆஸ்துமா, சிஓபிடி மாதிரி நுரையீரல் பிரச்சனை இருக்கறவங்க டாக்டர் சீட்டை போட்டோ எடுத்து போன்ல வச்சிக்கோங்க. நீளமா ஊத முடியாதவங்களை பார்த்தா வேணும்னே ஏமாத்தற மாதிரிதான் தெரியும், அந்த இடத்துல வாயால சொல்றதை விட ஒரு சீட்டு ரொம்ப உதவும்.

நைட்டு நல்லா குடிச்சிட்டு காலைல ஓட்டுறவங்க ஒரு கணக்கு போட்டுக்கோங்க. உடம்பு ஒரு மணி நேரத்துக்கு தோராயமா 15லிருந்து 20 மில்லிகிராம்தான் குறைக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு 150ல இருக்கற ஒருத்தர், மணிக்கு 15 வச்சா காலைல ஏழு மணிக்கு 45ல இருப்பார். தூங்கி எழுந்து, குளிச்சு, காபி குடிச்சு, இட்லி சாப்பிட்டு, தலை தெளிவா இருக்கற மாதிரி தோணும், ஆனா மெஷின்ல 30 தாண்டும். காபி, மோர், எலுமிச்சை, குளியல் எதுவும் இந்த வேகத்தை கூட்டாது, நேரம் ஒண்ணுதான் குறைக்கும்.

3. நிறுத்தின உடனே பண்ண வேண்டியது

கை காட்டினா ஓரமா நிறுத்துங்க, என்ஜினை ஆஃப் பண்ணுங்க, ஹெல்மெட்டை கழட்டுங்க. பேரிகார்டை பார்த்ததும் யூ டர்ன் அடிக்கிறது எல்லாத்தையும் விட மோசம், ஏன்னா சந்தேகப்படறதுக்கு ஒரு காரணத்தை நீங்களே கொடுத்துடறீங்க.

இப்போ அதிகாரத்துக்கு வருவோம். 203(1) படி ஊதச் சொல்ல ரெண்டு கண்டிஷன். சொல்றவர் யூனிஃபார்ம்ல இருக்கற போலீஸா இருக்கணும், இல்லைன்னா மோட்டார் வாகனத் துறை அதிகாரம் கொடுத்த ஆபீசரா இருக்கணும். ரெண்டாவது, நீங்க குடிச்சிருப்பீங்கன்னு சந்தேகப்பட நியாயமான காரணம் இருக்கணும். ரேங்க் பத்தி இந்த செக்ஷன் எதுவும் சொல்லலை, அதனால "எஸ்.ஐ. வந்தா தான் ஊதுவேன்"னு நிக்காதீங்க, அதுக்கு சட்டத்துல ஆதாரம் இல்லை.

இந்த நியாயமான காரணம்ங்கறதை பிடிச்சிக்கிட்டு நிறைய பேர் அங்கயே வக்கீல் ஆயிடறாங்க. நடைமுறைல முதல்ல பேச்சு கொடுப்பாங்க, எங்கருந்து வர்றீங்க, பேர் என்ன, அப்படின்னு. வாசனை, பேச்சு, கண்ணு, வண்டி ஆடின விதம், இதுல எதுவும் காரணமா எழுதலாம். காரணம் இருந்துச்சா இல்லையாங்கறது கோர்ட்ல கேட்க வேண்டிய கேள்வி. ரோட்டுல கேட்டு ஜெயிச்சவரை நான் பார்த்ததில்லை. நீங்க பண்ண வேண்டியது ஆபீசர் பேரை நேம் பேட்ஜ்ல பார்த்து மனசுல வச்சிக்கிறது, இடத்தையும் நேரத்தையும் போன்ல டைப் பண்ணிக்கிறது.

யூனிஃபார்ம் இல்லாத ஒருத்தர் மெஷினை நீட்டினா மட்டும் மரியாதையா "சார், யூனிஃபார்ம்ல இருக்கற ஆபீசர் டெஸ்ட் எடுக்கட்டும், நான் ஊதறேன்"னு சொல்லுங்க. இது மறுப்பு இல்லை, அந்த வாக்கியத்துல "ஊதறேன்" இருக்கறது முக்கியம்.

4. ஊதறதுக்கு முன்னாடியே வாய்ல என்ன இருக்குன்னு சொல்லிடுங்க

குடிக்காதவங்க மாட்டறது பெரும்பாலும் இந்த ஸ்டெப்பை விட்டதாலதான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

மெஷின் அளக்க நினைக்கிறது நுரையீரலோட ஆழத்துலருந்து வர்ற காத்தை. ரத்தத்துல இருக்கற ஆல்கஹால் அங்க காத்துல கலக்கும், அந்த விகிதத்தை 2100க்கு 1னு வச்சு மெஷின் ரத்த அளவா மாத்தி காட்டுது. ஆனா வாய்லயே ஆல்கஹால் ஒட்டிக்கிட்டு இருந்தா, அதுவும் சேர்ந்து போய் ரீடிங் எகிறும். மவுத்வாஷ், வாய்ல அடிக்கிற ஸ்ப்ரே, சில இருமல் சிரப், ஹோமியோபதி சொட்டு மருந்து, அரிஷ்டம், ஆசவம் எல்லாத்துலயும் ஆல்கஹால் இருக்கலாம். இப்பதான் ஏப்பம் விட்டிருந்தாலோ வாந்தி எடுத்திருந்தாலோ, வயித்துல இருக்கறது வாய்க்கு வந்திருக்கும்.

வாய்ல இருக்கற இந்த ஆல்கஹால் சுமார் 15 நிமிஷத்துல போயிடும். அதனால இப்படி ஏதாவது எடுத்திருந்தா ஊதறதுக்கு முன்னாடியே சொல்லுங்க, "சார், பத்து நிமிஷம் முன்னாடி இந்த மருந்து குடிச்சேன், தண்ணில வாய் கொப்பளிச்சுட்டு 15 நிமிஷம் கழிச்சு ஊதறேன், இங்கயே நிக்கறேன்." பாட்டில் இருந்தா காட்டுங்க. முன்னாடியே சொன்னா அது தகவல், ரீடிங் வந்த அப்புறம் சொன்னா அது சாக்கு மாதிரிதான் கேட்கும், விஷயம் ஒண்ணா இருந்தாலும்.

வாசனையை மறைக்க ஏலக்காய், பாக்கு, மவுத் ஃப்ரெஷ்னர்னு போடறவங்களுக்கு ஒண்ணு. மெஷினுக்கு வாசனை தெரியாது. பெரும்பாலான போலீஸ் மெஷின்ல இருக்கறது ஃப்யூல் செல் சென்சார், ஆல்கஹால் பிளாட்டினம் எலக்ட்ரோடுல பட்டு மின்சாரம் உண்டாகும், அந்த மின்சாரத்தைத்தான் அளக்குது. ஸ்ப்ரேல ஆல்கஹால் இருந்தா ரீடிங்கை நீங்களே ஏத்தி விடறீங்க.

5. மெஷினை பார்க்க வேண்டிய வரிசை

முதல்ல மவுத்பீஸ். புதுசா, கவர் பிரிக்காததா, உங்க கண்ணு முன்னாடி பிரிச்சு மாட்டணும்னு கேளுங்க. சுத்தத்துக்காக மட்டும் இல்லை, முன்னாடி ஊதினவரோட எச்சில் ஈரம் உங்க ரீடிங்ல கலக்கக் கூடாது. இதை கேட்டு யாரும் கோவிச்சுக்கிட்டு நான் பார்த்ததில்லை, பாக்கெட்ல இருக்கும், எடுத்து மாட்டுவாங்க.

அடுத்து ஜீரோ. ஊதறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல 000 காட்டணும், அதாவது உள்ள முந்தின ஆளோட மிச்சம் எதுவும் இல்லைன்னு மெஷினே காத்தை எடுத்து செக் பண்ணிக்கிட்டிருக்கணும். "சார், ஜீரோ காட்டுதான்னு பார்த்துக்கலாமா"ன்னு கேட்டா போதும். ஒரே மெஷின்ல வரிசையா பத்து பேர் ஊதற இடத்துல இது ரொம்ப முக்கியம்.

சட்டப்படி இந்த மெஷின் மத்திய அரசு அங்கீகாரம் கொடுத்த வகையா இருக்கணும், 203ஓட விளக்கத்துலயே இருக்கு. அங்கீகாரம் இருக்கா, கடைசியா எப்போ காலிபரேஷன் (மெஷின் சரியா அளக்குதான்னு சரிபார்க்கறது) பண்ணினாங்கன்னு ரோட்டுல வாக்குவாதம் பண்ண வேண்டாம். மெஷினோட சீரியல் நம்பரை மட்டும் குறிச்சிக்கோங்க. கோர்ட்ல காலிபரேஷன் சர்டிபிகேட்டை கேட்கறதா இருந்தா எந்த மெஷின்னு தெரியணுமே, அந்த நம்பர் இல்லாம வந்து "மெஷின் சரியில்லை"ன்னு சொல்றவங்களுக்கு யாராலயும் உதவ முடியறதில்லை.

கடைசியா ஊதற விதம். நல்லா மூச்சை இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே சீரா, பீப் சத்தம் நிக்கற வரைக்கும் ஊதுங்க, சில செகண்டுதான். விட்டு விட்டு ஊதினா, நாக்கால அடைச்சா, உள்ள இழுத்தா மெஷின் எரர் காட்டும், ரெண்டு மூணு தடவை எரர் வந்தா ஆபீசர் அதை மறுப்புன்னு எழுத வாய்ப்பு இருக்கு, ஏன்னா சட்டத்துல மறுத்தாலும் கொடுக்கத் தவறினாலும் ஒண்ணாத்தான் இருக்கு. மூச்சு பிரச்சனை இருக்கறவங்க அந்த சீட்டை இப்போ காட்டுங்க, முதல் எரருக்கு அப்புறம் இல்லை.

6. ரீடிங்கை படிக்கிறது எப்படி

நம்ம ஊர் மெஷின்கள்ல பொதுவா 100 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம்னு நேரடியா காட்டும், 45ன்னா 45 தான். சில மெஷின்ல பர்சென்ட்ல வரும், அப்போ 0.030 தான் எல்லை. மூச்சுக் காத்துல லிட்டருக்கு எவ்வளவுன்னு காட்டினா எல்லை சுமார் 0.14. யூனிட்டை பார்க்காம "0.05 தானே, கம்மி தானே"ன்னு சந்தோஷப்பட்டவர் பர்சென்ட் கணக்குல 50ல இருந்திருக்கார்.

30க்கு மேல போனாத்தான் குற்றம், சரியா 30ன்னா 185 வராது. ஆனா இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. 203(3) ல அரெஸ்ட் அதிகாரம் வர்றது ரத்தத்துல ஆல்கஹால் இருக்குன்னு மெஷின் காட்டினாலே, அதாவது அந்த இடத்துல 30ங்கற நம்பரே இல்லை. தண்டனைக்கு 30 தாண்டணும், பிடிச்சு வைக்கறதுக்கு அது வேண்டியதில்லை. எல்லைக்குள்ள இருக்கோம்னு சத்தம் போடறதுக்கு முன்னாடி இதை ஞாபகம் வச்சிக்கோங்க.

பிரிண்ட் வந்தா அதுல தேதி, நேரம், மெஷின் நம்பர், உங்க பேர், ரீடிங் எல்லாம் சரியான்னு பார்த்துட்டுத்தான் கையெழுத்து போடுங்க. காப்பி கேளுங்க, கொடுக்கலைன்னா போட்டோ எடுத்துக்கலாமான்னு கேளுங்க. வெத்து பேப்பர்லயோ பாதி ரொப்பாத ஃபாரத்துலயோ கையெழுத்து வேண்டாம், "ரொப்பிட்டு கொடுங்க சார், போடறேன்"னு சொல்லுங்க.

7. ஊத மாட்டேன்னு சொன்னா

எல்லாரும் பண்ற தப்புல இதுதான் பெருசு. "ஊதலைன்னா ரீடிங் இல்லை, ரீடிங் இல்லைன்னா கேஸ் இல்லை"ன்னு யாரோ நண்பர் சொல்லி வச்சிருப்பார், அந்த நண்பர் ஸ்டேஷனுக்கு வரமாட்டார்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, குடிச்சிருக்கீங்கன்னு சந்தேகப்பட காரணம் இருந்து நீங்க மறுத்தா, 203(4) படி வாரண்ட் இல்லாம அரெஸ்ட். ஸ்டேஷன்ல 203(5) படி இன்னொரு தடவை ஊத வாய்ப்பு கொடுக்கணும். அங்கயும் மறுத்தா 204 படி ரத்தம் கொடுக்கச் சொல்லலாம். மூச்சோ ரத்தமோ, எதை காரணம் இல்லாம மறுத்தாலும் 205 வருது, உங்க மறுப்பையே போலீஸ் தரப்பு சாட்சிக்கு வலு சேர்க்கற விஷயமா கோர்ட் எடுத்துக்கலாம். ஆக ரீடிங் இல்லாததால நீங்க நினைச்ச லாபம் வரலை, அதோட நியாயமான உத்தரவை மீறினதுக்கு 179ம் சேரலாம், அது 2,000 ரூபாய் வரைக்கும்.

குடிக்காம இருந்து கோவத்துல மறுக்கறவங்களை பார்த்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். ஒரு ஊது ஊதினா 000 காட்டி அஞ்சு நிமிஷத்துல வீட்டுக்கு போயிருப்பாங்க, அந்த 000 தான் அவங்களுக்கு இருந்த ஒரே நல்ல சாட்சி, அதை அவங்களே வேண்டாம்னு தள்ளிட்டாங்க.

8. ரீடிங் தப்புன்னு நினைச்சா: ரெண்டாவது ஊதல், அப்புறம் ரத்தம்

குடிக்கவே இல்லை, ஆனா 40 காட்டுதுன்னு வச்சிக்கோங்க. வரிசை இதுதான்.

கத்தாதீங்க. முதல்ல தண்ணில வாய் கொப்பளிச்சு 15 நிமிஷம் கழிச்சு, புது மவுத்பீஸ்ல, முடிஞ்சா வேற மெஷின்ல திரும்ப எடுக்கச் சொல்லி கேளுங்க. 203லயே ஒண்ணு அல்லது அதுக்கு மேற்பட்ட மூச்சு சாம்பிள்னுதான் இருக்கு, அதனால ரெண்டாவது தடவை எடுக்கறதுக்கு சட்டம் தடையில்லை. வாய்ல இருந்த ஆல்கஹாலா இருந்தா ரெண்டாவது ரீடிங் நல்லா இறங்கியிருக்கும், ரத்தத்துலயே இருந்தா 15 நிமிஷத்துல பெருசா மாறாது. ரெண்டு ரீடிங்குக்கும் நடுவுல இருக்கற வித்தியாசமே உங்களுக்கு சாட்சி.

அதுக்கும் ஒத்துக்கலைன்னா ரத்த டெஸ்ட் கேளுங்க. உண்மையைச் சொல்லணும்னா 204 ல இது போலீஸ் கேட்கற அதிகாரமாத்தான் எழுதியிருக்கு, நீங்க கேட்டா எடுத்தே ஆகணும்னு அந்த செக்ஷன் வார்த்தை இல்லை. இருந்தாலும் கேளுங்க, எழுத்துல கேளுங்க. ஒரு வெள்ளைப் பேப்பர்ல தேதி, நேரம், "நான் மது அருந்தவில்லை, ரத்தப் பரிசோதனைக்கு சம்மதிக்கிறேன், எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்"னு எழுதி கொடுத்து போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி வச்சிடுங்க. நீங்களே ரத்தம் கொடுக்க முன்வந்தீங்கங்கறது பின்னாடி உங்க பக்கம் பேசும்.

அரெஸ்ட் ஆகியிருந்தா 202ல இன்னொரு பாதுகாப்பு இருக்கு. 185ல அரெஸ்ட் பண்ணினவரை ரெண்டு மணி நேரத்துக்குள்ள டாக்டர் பரிசோதனைக்கு உட்படுத்தணும், இல்லைன்னா கஸ்டடிலருந்து விட்டுடணும். விட்டுடணும்னுதான் இருக்கு, கேஸே போயிடும்னு இல்லை, இதை நிறைய பேர் மாத்தி புரிஞ்சிக்கறாங்க. அரெஸ்ட் ஆன நேரத்தை குறிச்சு வச்சாத்தான் இந்த ரெண்டு மணி நேரத்தை யாராவது கணக்கு பண்ண முடியும்.

ஆஸ்பத்திரில ரத்தம் எடுக்கும்போது தோலை ஸ்பிரிட்டால துடைக்க வேண்டாம், ஆல்கஹால் இல்லாத மருந்தால துடைங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. ரத்தம் ஃப்ளோரைடு போட்ட டியூப்ல போகணும், இல்லைன்னா லேப்புக்கு போறதுக்குள்ள ரத்தத்துலயே நொதிச்சு ஆல்கஹால் உண்டாக வாய்ப்பு இருக்கு. சீல் வச்சு லேபிள் ஒட்டறதை பாருங்க. பெண்ணா இருந்து ரத்தம் எடுக்கறது ஆண் டாக்டரா இருந்தா, இன்னொரு பெண் கூட இருக்கும்போதுதான் எடுக்கணும், இது 204லயே இருக்கு.

டாக்டர் வெறும் வாசனை, நடை, கண்ணு பார்த்து சர்டிபிகேட் எழுதிட்டு அனுப்பப் பார்த்தா, ரத்தம் எடுங்கன்னு அங்கயும் கேளுங்க. 1971லயே சுப்ரீம் கோர்ட் ஒரு மகாராஷ்டிரா கேஸ்ல வாசனை, தள்ளாட்டம், கண்ணு விரிஞ்சது இதையெல்லாம் மட்டும் வச்சு குடிச்சிருந்தார்னு முடிவு பண்ண முடியாதுன்னு சொல்லியிருக்கு.

வெளிய வந்த அப்புறம் பிரைவேட் லேப்ல எடுத்தா? எடுங்க, ஆனா அதை நம்பி இருக்காதீங்க. சட்டம் பேசறது அரசு நடத்தற அல்லது அங்கீகரிச்ச லேப் பத்தி, அதுவும் நாலு மணி நேரம் கழிச்சு எடுத்த ரத்தம் அந்த நேரத்து நிலையை காட்டாதுன்னு எதிர்த்தரப்பு சுலபமா சொல்லிடும்.

9. அரெஸ்ட்னு சொன்னா

காரணம் என்னன்னு சொல்லணும், நீங்க சொல்ற ஒருத்தருக்கு தகவல் கொடுக்கணும், இது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதால இருக்கு, 2024 ஜூலை 1லருந்து குற்ற நடைமுறைச் சட்டத்துக்கு பதிலா வந்தது. 185 ஜாமீன்ல விடக்கூடிய குற்றம், ஜாமீன் கொடுக்கத் தயாரா இருந்தா ஸ்டேஷன்லயே விடணும். அதனால போன்ல முதல் கால் குடிக்காத, வண்டி ஓட்டத் தெரிஞ்ச, ஐடி ப்ரூஃப் எடுத்துட்டு வரக்கூடிய ஒருத்தருக்கு. கூட குடிச்ச நண்பரை கூப்பிடாதீங்க, அவரும் வண்டில வந்து இறங்குவார், ரெண்டாவது கேஸ் ஆயிடும்.

பெண்களை சூரியன் மறைஞ்சதுக்கு அப்புறம், விடியறதுக்கு முன்னாடி அரெஸ்ட் பண்ணக் கூடாது. விதிவிலக்கான சூழ்நிலைல மட்டும் பெண் போலீஸ் அதிகாரி மாஜிஸ்திரேட் அனுமதி வாங்கி பண்ணலாம்.

பேரும் அட்ரஸும் கேட்டா சரியா சொல்லுங்க. மறைச்சா 202(2) படி அதுவே தனியா அரெஸ்டுக்கு காரணம்.

10. வண்டியும் லைசென்ஸும்

லைசென்ஸை 206(4) படி பிடிச்சு ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம், அதுக்கு பதிலா ஒரு ரசீது கொடுக்கணும். இங்க எல்லாரும் சறுக்கற இடம், அந்த ரசீதை வச்சு வண்டி ஓட்டலாம்னு நினைக்கிறது. ஓட்டக் கூடாது, லைசென்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் அந்த ரசீது ஓட்டற உரிமை கொடுக்காதுன்னு அந்த உட்பிரிவுலயே எழுதியிருக்கு.

வண்டியைப் பொறுத்தவரை, டிரைவரை அரெஸ்ட் பண்ணினா வண்டியை பத்திரப்படுத்த போலீஸ் ஏற்பாடு பண்ணலாம்னு 202(3) சொல்லுது. குடிக்காத, லைசென்ஸ் இருக்கற ஒருத்தர் கூட இருந்தா அவர்கிட்ட ஒப்படைக்கச் சொல்லி கேளுங்க. தெலங்கானா ஹைகோர்ட் 2021ல குடிச்சு ஓட்டினதுக்காக மட்டும் வண்டியை பிடிச்சு வைக்கக் கூடாது, லைசென்ஸ் இருக்கற வேற ஆள்கிட்ட கொடுக்கணும்னு சொல்லியிருக்கு, அது இங்க நேரடியா கட்டுப்படுத்தாது, ஆனா வக்கீல் எடுத்துக் காட்டலாம். வண்டி ஸ்டேஷனுக்கே போனாலும் நாலு பக்கமும் போட்டோ, கிலோமீட்டர் ரீடிங், டேங்க்ல எவ்வளவு பெட்ரோல், உள்ள என்ன பொருள் இருக்குன்னு எழுதி ரசீது வாங்குங்க.

அங்கயே காசு கொடுத்து முடிக்கலாம்னு யார் சொன்னாலும் வேண்டாம். ஸ்பாட்லயே அபராதம் கட்டி சமாதானம் ஆகற குற்றங்களோட லிஸ்ட் செக்ஷன் 200ல இருக்கு, அதுல 185 கிடையாது. இதுக்கு அபராதம் விதிக்கற அதிகாரம் கோர்ட்டுக்குத்தான்.

11. கூட வந்தவர் நிலைமை

பின்னாடி உட்கார்ந்தவரை ஊதச் சொல்ல 203ல அதிகாரம் இல்லை, ஓட்டினவர் அல்லது ஓட்ட முயற்சி பண்ணினவர் மட்டும்தான். ஆனா செக்ஷன் 188 உடந்தைக்கு அதே தண்டனைன்னு சொல்லுது. குடிச்சவர் கைல சாவியை கொடுத்து "பார்த்து போ மச்சி"ன்னு பின்னாடி ஏறி உட்கார்ந்தா அந்த செக்ஷன் உங்க பக்கம் திரும்பும், சென்னைல 2022லருந்து டிராபிக் போலீஸ் கூட வர்றவங்க மேலயும் கேஸ் போட ஆரம்பிச்சாங்க.

12. ஆக்சிடென்ட் ஆகி ஆஸ்பத்திரில இருந்தா

இங்க ரூல் கொஞ்சம் மாறும். ஆக்சிடென்ட் கேஸ்ல போலீஸ் அந்த இடத்துலயோ, ஸ்டேஷன்லயோ, உள்நோயாளியா இருந்தா ஆஸ்பத்திரிலயோ ஊதச் சொல்லலாம். ஆனா உள்நோயாளின்னா சிகிச்சை பார்க்கற டாக்டருக்கு முன்கூட்டியே சொல்லணும், சிகிச்சைக்கு பாதிப்புன்னு டாக்டர் சொன்னா எடுக்க முடியாது. உள்நோயாளியா இருக்கற வரைக்கும் 203ல அரெஸ்டும் இல்லை.

ஆக்சிடென்ட் ஆனதும் பதட்டத்துல "கொஞ்சம் மனசு தெளியட்டும்"னு ஒரு பெக் அடிக்கறவங்க உண்டு. தயவுசெஞ்சு பண்ணாதீங்க, முன்னாடி குடிச்சதா பின்னாடி குடிச்சதான்னு அப்புறம் யாராலயும் பிரிச்சு காட்ட முடியாது.

13. கோர்ட், அதுக்கு அப்புறம்

முதல் தடவைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். திரும்பவும்னா ரெண்டு வருஷம் வரைக்கும், அல்லது 15,000, அல்லது ரெண்டும்.

"பத்தாயிரத்தை கட்டிட்டு போயிடலாம்"ங்கறதுதான் எல்லாரோட முதல் யோசனை. நிஜமாவே குடிச்சிருந்தா ஒத்துக்கிட்டு கட்டறது சரிதான். ஆனா குடிக்கலைன்னா யோசிக்காம ஒத்துக்காதீங்க, ஏன்னா அது அபராத ரசீது இல்லை, குற்றத் தீர்ப்பு. அடுத்த தடவை மாட்டினா அது ரெண்டாவது குற்றம், அப்போ செக்ஷன் 22 படி கோர்ட் லைசென்ஸை ரத்து பண்ணியே ஆகணும். டிரைவர் வேலையை நம்பி இருக்கறவங்களுக்கு பத்தாயிரத்தை விட இது எவ்வளவு பெருசுன்னு சொல்ல வேண்டியதில்லை. எதிர்த்து நடத்தறதா இருந்தா வக்கீல்கிட்ட போகும்போது இந்த பேப்பர்களோட போங்க: பிரிண்ட், மெஷின் நம்பர், ரெண்டு ரீடிங்கோட நேரம், நீங்க எழுதிக் கொடுத்த ரத்த டெஸ்ட் கோரிக்கை, மருந்து சீட்டு.

கோர்ட்ல முடிஞ்சதும் வேலை முடியலை. ஆர்.டி.ஓ.லருந்து லைசென்ஸை ஏன் சஸ்பெண்ட் பண்ணக் கூடாதுன்னு நோட்டீஸ் வரும், சுப்ரீம் கோர்ட் நியமிச்ச சாலைப் பாதுகாப்புக் கமிட்டி 2015ல குறைஞ்சது மூணு மாசம் சஸ்பெண்ட் பண்ணணும்னு மாநிலங்களுக்கு சொல்லியிருக்கு. செக்ஷன் 19 படி உங்க விளக்கத்தை கேட்டுத்தான் உத்தரவு போடணும், அதனால நோட்டீஸை மேஜை டிராயர்ல போட்டுடாதீங்க, பதில் எழுதுங்க. உத்தரவு கைக்கு வந்தா அப்பீலுக்கு 30 நாள்.

இன்சூரன்ஸும் இதுல இருக்கு. குடிச்சு ஓட்டி உங்க வண்டிக்கு ஆன சேதத்துக்கு பாலிசில பணம் வராது. ஊதவும் இல்லை, ரத்தமும் எடுக்கலை, அதனால கிளெய்ம் வந்துடும்னு நினைக்கறவங்களுக்கு, 2021ல சுப்ரீம் கோர்ட் ஒரு இன்சூரன்ஸ் கேஸ்ல டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாட்டியும் மத்த சாட்சிகளை வச்சு கம்பெனி அதை நிரூபிக்கலாம்னு சொல்லிடுச்சு. கிளெய்ம் ஃபாரத்துல குடிச்சிருந்தீங்களான்னு இருக்கற கேள்விக்கு போலீஸ் பேப்பர்ல இருக்கறதுக்கு மாறா எதையும் எழுதாதீங்க, சேதத்தை மதிப்பு போட வர்ற இன்சூரன்ஸ் சர்வேயர் முதல்ல வாங்கிப் பார்க்கறது அந்த பேப்பரைத்தான்.